அக்காவின் ஃபிரிட்ஜும் எங்கள் வீட்டு வெயிலும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் வைத்தது லாபமா நட்டமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள். சபையில் ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கிற லேபில் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள். ஒரு வார்த்தையில் சொல்ல வராது என்று சொன்னால், "அப்ப நட்டம்தான்" என்று அவர்களாகவே முடிவு பண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டி. என் கணவருக்குப் பாறசாலையில் பெயின்ட் கடை. எனக்கு வேலை நெய்யாற்றின்கரையில். என் அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அது தமிழ்நாடு. இடையில் ரப்பர் மரம் நட்ட ஒரு விளை, ஒரு வாய்க்கால், ஒரு கோழிக்கடை. கோழிக்கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கோழி வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. ஆனால் கரண்டுக் கம்பிக்கு அது தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கரண்டு, இந்தப் பக்கம் எங்கள் கரண்டு.

அந்தப் பக்கத்தில் இரண்டு மாத பில்லில் முதல் நூறு யூனிட் இலவசம். இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் அக்காவின் கணவர், என் அத்தான், தன்னுடைய ஓய்வுக்காலம் முழுவதையும் கட்டி எழுப்பியிருந்தார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ்ஸில் டீசல் முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தபின் மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் ஜெபம், பிறகு மீட்டர், பிறகுதான் சாயா. நூறு தாண்டக்கூடாது. தாண்டினால் எல்லாம் போச்சு என்பார். அக்கா கூட்டு அரைக்க மிக்சி போட்டால் வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்: "எட்டி, அம்மி உண்டுல்லா?" டிவியில் செய்தி ஓடும்போது ஃபேன் ஓடாது. ஃபேன் ஓடும்போது டிவி ஓடாது. வெந்துபோகிற நாட்களில் அக்கா செய்தி கேட்க மாட்டாள்.

எங்கள் வீட்டு பில் வருகிற அன்றைக்கெல்லாம் அத்தானுக்குச் சந்தோஷம். அதை வாங்கிப் படித்துப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, "கஷ்டம் மக்கா, கஷ்டம்" என்று என் கணவரின் தோளில் தட்டிவிட்டு எங்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாயா குடிப்பார். ஏசி வாங்கிய கோடையில் வந்த பில்லை அவர் இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கிளாசை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். அதை வாங்கிக் குடித்த கையோடுதான் என் கணவர் சோலார் கம்பெனிக்காரனுக்கு ஃபோன் பண்ணினார்.

பேங்க் லோன், சர்க்கார் சப்சிடி எல்லாம் போட்டுப் பார்த்து, இத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாம் லாபம் என்று கம்பெனிக்காரன் சொன்னான். என் கணவர் அதை அத்தானிடம் சொன்னார்.

"அதுவரைக்கும் நீ இருப்பியா மக்கா?" என்று கேட்டார் அத்தான்.

"இருப்பேன் அண்ணா. சோலார் தகட்டுக்கு இருபத்தஞ்சு வருசம் கேரண்டி உண்டு."

"தகட்டுக்கு உண்டு. நான் உன்னைக் கேட்டேன்."

தகடுகள் மேலே ஏறின. எல்லாம் சரியாக முடிந்து புது மீட்டர் மாட்டிய அன்றைக்கு என் கணவர் அத்தானையும் அக்காவையும் சோற்றுக்குக் கூப்பிட்டார். மத்தியானம், நல்ல வெயில், தகடுகள் கண்ணைக் கூச வைத்தன. இலையில் மீன்கறி ஊற்றும்போது கரண்டு போய்விட்டது. லைனில் ஏதோ வேலை. என் கணவர் அசையவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இப்ப நம்ம சோலார் வரும், பாருங்க" என்றார். நாங்கள் பார்த்தோம். எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியது, அவர்கள் வீட்டு ஃபேன் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வியர்த்து வடிந்தது.

என் கணவர் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினார். அவர்கள் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார்கள். பேட்டரி இல்லாத சோலார், கம்பியில் கரண்டு இருந்தால்தான் வேலை செய்யும். கம்பியில் கரண்டு நின்றால் இதுவும் தானாக நிற்கும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் செத்துப்போவான். இதைத்தான் முதல் நாளே சொன்னோமே சேட்டா என்றார்கள்.

அத்தான் எழுந்து முற்றத்துக்குப் போனார். மேலே நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "வெயில் உண்டு. தகடு உண்டு. கரண்டு மட்டும்தான் இல்ல. செரி, மீன்கறி கொள்ளாம், இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஆனாலும் அடுத்த பில் வந்தபோது என் கணவர்தான் சிரித்தார். அவ்வளவு சின்ன பில்லை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினார். கடையில் பெயின்ட் வாங்க வந்தவர்களுக்குக் கலர் கார்டுக்கு முன்னால் பில்லைக் காட்டினார்.

அந்தச் சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். ஃபோனில் ஒரு ஆப் இருந்தது. இந்த நிமிஷம் தகடு எவ்வளவு உண்டாக்குகிறது, வீடு எவ்வளவு எடுக்கிறது, மிச்சம் எவ்வளவு வெளியே கம்பிக்குப் போகிறது என்று அது காட்டும். அந்த மிச்சம்தான் என் கணவரைப் பிடித்து ஆட்டியது. வருஷக் கடைசியில் மிச்சத்துக்குச் சர்க்கார் ஒரு விலை கொடுக்கும், ஆனால் நாம் வாங்குகிற விலை கிடையாது, அதைவிடக் குறைவு. "நம்மக்க கரண்டு ஊரு முழுக்க சும்மா போவுது" என்று ராத்திரி சோறு தின்னும்போது சொல்வார். யாரோ எங்கள் கிணற்றில் குழாய் போட்டு உறிஞ்சுகிற மாதிரி முகம் இருக்கும்.

அதனால் கரண்டைச் செலவழிக்க வேண்டும் என்றாகிவிட்டது. இண்டக்ஷன் அடுப்பு வந்தது. துணி உலர்த்துகிற மெஷின் வந்தது, இந்த வெயிலில். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, யாரும் இல்லாத அறையில் ஏசியைப் போட்டுவிட்டுத் திரும்பக் கடைக்குப் போவார். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அறை ஜில்லென்று இருக்கும், அவர் வந்து ஏசியை அணைத்துவிடுவார். "ராத்திரி சர்க்கார் கரண்டாக்கும். வேண்டாம்" என்பார். பகலில் கொடுத்ததை ராத்திரி கழித்துக்கொள்வார்கள், மீட்டருக்குப் பகலும் ராத்திரியும் ஒரே கணக்குத்தான் என்று நான் சொன்னேன். மீட்டர் பார்க்க வந்தவரும் சொன்னார். என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ராத்திரியும் அணைத்தார். பகலில் உள்ளது புது மீன், ராத்திரி உள்ளது ஐஸ் மீன் என்று அவருக்குள் ஏதோ ஒன்று படிந்துபோயிருந்தது.

இந்த நேரத்தில்தான் அக்காவின் மகன் குடும்பத்தோடு துபாயிலிருந்து லீவுக்கு வந்தான். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே டிவி பார்த்தார்கள், அத்தான் மீட்டர் இருக்கிற பக்கமே போகவில்லை. அவர்கள் திரும்பிப் போன அன்றைக்கு, பிளேன் ஏறிவிட்டோம் என்று ஃபோன் வந்ததும் நேராக மீட்டரிடம் போனார். நூறுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மீட்டர் பார்க்க ஆள் வர இன்னும் வாரக்கணக்கில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக ஃபேனுக்குக் கீழே உட்காருகிறவர் வாசலிலேயே நின்றார்.

"மக்கா, உனக்க சோலாரு மிச்சம் போவுதுன்னு சொல்லுவியே."

"ஓ அண்ணா, போவுது. ஒவ்வொரு நாளும் போவுது."

"வீட்டில எல்லாத்தையும் அணைச்சுப்போட்டேன். ஃபிரிட்ஜு ஒண்ணுதான் நிக்காம குடிக்கு." எங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை எட்டிப் பார்த்தார். "அத இங்க கொண்டு வச்சா எப்படி இருக்கும்?"

என் கணவரின் முகம் மலர்ந்ததை நான் எங்கள் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. "கொண்டு வாருங்க அண்ணா!" என்று எழுந்தே விட்டார்.

இரண்டு பேரும் சுயபுத்தியோடுதான் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவருக்குக் கரண்டைக் குறைக்க வேண்டும், ஒருவருக்குக் கரண்டைக் கூட்ட வேண்டும். நிதானமாக யோசித்துத்தான் செய்தார்கள். ஃபிரிட்ஜைக் காலி பண்ணினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும், சாமானோடு கொண்டுபோனால் குளிர் விடுவதற்குள் இங்கே மாட்டிவிடலாம் என்று அத்தான் சொன்னார். ஒரு சரக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் ஸ்கூட்டரில் வந்தேன்.

அது தேர்தல் சமயம். கோழிக்கடை தாண்டியதும் பறக்கும் படை நின்றது. பணம் கடத்துகிறார்களா என்று எல்லையில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறவர்கள். ஒரு அதிகாரி, இரண்டு போலீஸ், ஒரு கேமராக்காரர். ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார்கள்.

"இதென்தாணு?" என்று கேட்டார் அதிகாரி.

"ஃபிரிட்ஜாணு சாரே" என்றார் அத்தான்.

"புதுசா?"

"இல்ல சாரே. மோன் பிறந்தப்போ வாங்கினது."

பில் இருக்கிறதா, விற்கக் கொண்டுபோகிறீர்களா, வீடு மாறுகிறீர்களா என்றெல்லாம் மலையாளத்தில் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். பின்னே எதற்கு என்றார். என் கணவரும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் கணவர், கடையில் பெயின்டைப் பற்றிப் பேசுகிற குரலில், முழுதும் சொன்னார். நூறு யூனிட்டைச் சொன்னார், சோலாரைச் சொன்னார், மிச்சம் வீணாகப் போவதைச் சொன்னார். அதிகாரி கேட்டு முடித்துவிட்டு, ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: "அதாவது, தமிழ்நாட்டிலே ஃபிரிட்ஜ் கேரளத்தில் வந்து கரண்டு குடிக்கப் போகுது?"

"அதே சாரே" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

அதிகாரி திறக்கச் சொன்னார். கயிற்றை அவிழ்த்து ரோட்டிலேயே கதவைத் திறந்தார்கள். நெய்மீன் இருந்தது, புளித்த மாவு இருந்தது, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு பாதிச் சட்டி இருந்தது. ஃப்ரீசரைத் திறந்ததும் இரண்டு போலீஸ்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். செய்தித்தாளில் பொதிந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னக் கட்டுகள், ஒரே அளவில், நெருக்கமாக அடுக்கி இருந்தன. கேமராக்காரர் கிட்டே வந்தார். ஒரு போலீஸ்காரர் மெதுவாக ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே கேக்.

"ஞானஸ்நானத்துக் கேக்காக்கும்" என்றாள் அக்கா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி. "மிச்சம் வந்தது. வெட்டிப் பொதிஞ்சு வச்சேன். எடுத்துக்கிடுங்க சார், நல்ல கேக்கு."

தேர்தல் சமயம், யாரிடமிருந்தும் எதுவும் வாங்கக் கூடாது என்றார் அதிகாரி. கேக்கைத் திரும்பப் பொதிய வைத்தார். ஆனாலும் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. எல்லாம் கேக். அதைக் கேமராக்காரர் முழுதும் படம் பிடித்தார்.

அப்புறம் போகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதிகாரி என் கணவரைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "சோலார் லாபமாணோ?" என்று கேட்டார். கொல்லத்தில் வீடாம், மனைவி வைக்கலாம் என்கிறாளாம், இவருக்குச் சந்தேகமாம். என் கணவர் ஃபோனை எடுத்து ஆப்பைக் காட்டினார். பின்னால் நிறுத்தியிருந்த பலாப்பழ லாரியின் டிரைவர் இறங்கி வந்து, தன் மாமன் வீட்டில் வைத்தது நட்டம் என்றார். மாமன் வீட்டுக்கு மேலே மாமரம் நிழல் அடிக்கிறது என்பது விசாரித்தபோது தெரிந்தது. பேட்டரி வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு போலீஸ்காரர்களுக்கும் வாக்குவாதம் வந்தது. வண்டிகள் கோழிக்கடை வரைக்கும் நின்று ஹாரன் அடித்தன. அத்தான் மட்டும் ஃபிரிட்ஜின் கதவை இரண்டு கையாலும் சாத்திப் பிடித்துக்கொண்டு, "சாரே, குளிரு போவுது, குளிரு போவுது" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாட்டியதும் பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. என் கணவர் ஃபோனைப் பார்த்து, "எடுக்கு, எடுக்கு" என்றார்.

முதல் இரண்டு நாள் அக்கா பாலுக்கு ஒரு தடவை, மீனுக்கு ஒரு தடவை, மாவுக்கு ஒரு தடவை என்று நடந்தாள். மூன்றாவது நாள் காலையில் ஒரு பையோடு வந்தாள். பையில் மாற்றுச் சேலை, பைபிள், பல்துலக்குகிற பிரஷ்.

"எட்டி, நான் இங்க நிக்கப் போறேன்" என்றாள்.

"அத்தான்?"

"ஃபிரிட்ஜு எங்கயோ நான் அங்க. அவருக்கு நூறு யூனிட் உண்டு, போதும்."

எங்கள் வீட்டில் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க மாட்டேன். கல்யாணம் ஆனபின் அக்காவும் நானும் ஒரே அறையில் படுத்ததில்லை. இப்போது படுத்தோம், ஏசி போட்டு. பகலில் மிக்சி, கிரைண்டர், ஓவன் என்று அக்கா எதையும் விடவில்லை. ஃபேனையும் டிவியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்த்தால் டிவியில் விளம்பரம் ஓடும், அதையும் பார்ப்பாள்.

அத்தான் மூன்று வேளையும் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து சாப்பிட்டார். ராத்திரி எங்கள் ஃபேனுக்குக் கீழேயே இருந்துவிட்டுப் படுக்க மட்டும் போவார். மீட்டர் அசையவே இல்லை என்பார், ஜெயித்த முகத்தோடு.

மாறியது என் கணவர்தான். தென்மேற்குப் பருவமழை, எங்கள் ஊரில் இடவப்பாதி என்பார்கள், ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க மேகம். ஆப்பில் கம்பியிலிருந்து உள்ளே வருகிற கணக்கு ஏறியது. கரண்டு வீணாகப் போகிறது என்று அழுத மனிதர், அக்கா எழுந்து போனதும் பின்னாலேயே போய் லைட்டை அணைக்க ஆரம்பித்தார். துணி உலர்த்துகிற மெஷினை, வேண்டியிருக்கிற ஒரே மாதத்தில், துணி போட்டு மூடி வைத்தார். மனைவியின் அக்காவிடம் ஏசியை அணைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னிடம் சொல்லச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

மீட்டர் பார்க்கிற பெண் வந்த அன்றைக்கு எனக்கு லீவு. மாற்றுத்துணி எடுக்க அக்காவோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சட்டை மாற்றி, தலை சீவி, மீட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "நூத்திமூணு" என்றாள்.

அத்தானின் முகம் செத்துப்போயிற்று. நாலைந்து நாளுக்கு முன்னால் காலையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு அப்பம் தின்ன வந்திருக்கிறார். என் கணவரோடு தேர்தல் பேச்சு. திரும்பிப் போனபோது மத்தியானம், டேங்க் நிறைந்து முற்றமெல்லாம் வெள்ளம், மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு மீட்டரைப் பார்க்கப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"போச்சு" என்றார். "நூத்திமூணுக்கும் கட்டணும்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நூத்திமூணுக்கு எதுக்கு சார்? நூறு எப்பவும் ஃப்ரீதான். மேல உள்ள மூணு யூனிட்டுக்கு மட்டும் கட்டுனா போதும்."

"அப்ப நூறு தாண்டினா எல்லாம் போகாதா?"

"யாரு சார் சொன்னது?"

அத்தான் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வாசல்படியிலிருந்து இறங்கி அந்தப் பெண்ணின் பக்கத்தில் போனாள். "மோளே, அத இன்னொருக்க சொல்லு" என்றாள். அவள் சொன்னாள். "இன்னும் ஒருக்க சொல்லு. இவரைப் பாத்துச் சொல்லு." அந்தப் பெண் அத்தானைப் பார்த்துச் சொன்னாள். மூன்று யூனிட்டுக்கு வந்தது ஒரு சாயா, வடை காசு. ஃபிரிட்ஜுக்குப் பிடித்த ஆட்டோவுக்கு அத்தான் கொடுத்ததை நினைத்துப் பார்த்தேன்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பவும் சிரித்தாள். எத்தனை வருஷத்து மிக்சியும் எத்தனை வருஷத்து ஃபேனும் அதில் இருந்தன என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சீவிய தலையைக் கையால் கலைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பில்லும் வந்தது. அக்கா, ஃபிரிட்ஜ், அத்தானின் மூன்று வேளை, மழை, எல்லாம் சேர்ந்தும் பழைய பில்லில் கால்வாசி கூட இல்லை. ஆகவே கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்: மேலே நல்ல வெயில் விழுந்தால், பில் பெரிதாக வருகிற வீடு என்றால், வையுங்கள், லாபம்தான். நூறுக்குள் நிற்கிற வீடு என்றால் வேண்டாம். வைத்தபின் ஃபோனை வீட்டு ஆம்பிளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் மழை விட்ட ஒரு சனிக்கிழமை திரும்பிப் போனது. தேர்தல் முடிந்துவிட்டதால் யாரும் நிறுத்தவில்லை. அத்தானும் என் கணவரும் மூச்சு வாங்க அதை உள்ளே தூக்கி வைத்தார்கள். அக்கா முதலில் ஃபேனைப் போட்டாள். அப்புறம் டிவியைப் போட்டாள். அப்புறம் அடுக்களைக்குப் போய் மிக்சியில் தேங்காய் அரைத்தாள். அத்தான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, டிவியில் பேசுவது கேட்காதபடி மிக்சி கத்திக்கொண்டிருக்க, டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.